லேபிளை மறைத்தார்கள்... பிரான்சு கவிழ்ந்தது! 30 வருஷம் கழித்தும் அதே தீர்ப்பு!

புதுச்சேரி—

பிரஞ்சு ஒயின் என்றால் நம்மூரில் தனி மவுசு. பாட்டிலில் பிரான்சுப் பேர் இருந்தால் போதும், பேசாமல் பணத்தை எண்ணி வைப்பார்கள். அந்தப் பேரையே மறைத்துவிட்டால்?

மறைத்தார்கள். அதுவும் பாரீஸ் நகரிலேயே!

1976 மே 24. பாரீசில் ஒயின் கடை வைத்திருந்த இங்கிலாந்துக்காரர் ஸ்டீவன் ஸ்பரியர் ஒரு போட்டி நடத்தினார். ஒரு பக்கம் பிரான்சின் போர்தோ சிவப்பு ஒயின் 4. எதிர்ப்பக்கம் அமெரிக்காவின் கலிபோர்னியா ஒயின் 6.

மார்க் போட்ட நடுவர்கள் 9 பேரும் பிரஞ்சுக்காரர்கள். ஓட்டல் முதலாளி, திராட்சைத் தோட்டக்காரர், ஒயின் பத்திரிகை ஆசிரியை என்று எல்லாரும் நாக்குக்குப் பேர் போனவர்கள்.

ஒன்றரை மார்க்!

கண்ணைக் கட்டவில்லை. எது எந்த ஊர்ச் சரக்கு என்பதை மட்டும் மறைத்து ஊற்றினார்கள். ஒவ்வொன்றுக்கும் 20க்கு மார்க்.

முதலில் வெள்ளை ஒயின். கலிபோர்னியா முதலிடம்! நடுவர்களுக்கு 'திக்' என்றது. சிவப்பில் விடக்கூடாது என்று உஷாரானார்கள். பலிக்கவில்லை. 1973-ம் வருஷத்து 'ஸ்டாக்ஸ் லீப்' முதலிடம். பிரான்சின் புகழ்பெற்ற 'மூத்தோன் ரோட்ஷில்ட்' இரண்டாமிடம். மொத்தத்தில் வித்தியாசம் ஒன்றரை மார்க்!

"சீட்டைக் கொடு!"

நடுவர் ஓதெத் கான் அம்மையார் தன் மார்க் சீட்டைத் திருப்பிக் கேட்டார். ஸ்பரியர் மறுத்துவிட்டார்.

அங்கே இருந்த நிருபர் ஒரே ஒருவர். 'டைம்' பத்திரிகையின் ஜார்ஜ் டேபர். அவர் எழுதினார், உலகமே பேசியது.

பிரஞ்சுக்காரர்கள் சும்மா விடுவார்களா? "எங்க சரக்கு ஊற ஊறத்தான் குணம் காட்டும். கலிபோர்னியா சரக்கு சீக்கிரம் செத்துப் போகும்" என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் உண்டு. திராட்சைத் தோலின் துவர்ப்பு அடங்க வருஷக்கணக்காகும்.

மறு பரீட்சை

அதையும் பார்த்துவிட்டார்கள். 2006 மே 24. லண்டனிலும் கலிபோர்னியாவின் நாபாவிலும் ஒரே நாளில் பரீட்சை. 30 வருஷத்துக்கு மேல் ஊறிய அதே சிவப்பு ஒயின்கள்.

முதல் 5 இடமும் கலிபோர்னியாவுக்கே! 1971-ம் வருஷத்து 'ரிட்ஜ் மான்டே பெல்லோ' முதலிடம். மூத்தோனுக்கு 6-வது இடம். ஊறினால் நாங்களே என்ற வாதம் அதோடு படுத்தது.

அரிக்கமேட்டில் அப்பவே

இந்த ஊர்ச் சண்டை நமக்குப் புதுசல்ல. சுமார் 2000 வருஷத்துக்கு முன்பே நம்ம அரிக்கமேட்டுக்குக் கப்பலில் ஒயின் வந்தது. 1945-ல் வீலர் துரை தோண்டியபோது ஒயின் ஜாடி ஓடுகள் கிடைத்தன. இத்தாலி ஜாடியும் உண்டு, கிரேக்கத்தின் கோஸ் தீவு ஜாடியும் உண்டு. அந்தக் காலத்து வாங்குபவரும் 'எது ஒசத்தி?' என்று கேட்டிருப்பார்தானே!

ஒயின் மட்டுமல்ல. காப்பித்தூள், நெய், பாஸ்மதி என்று எதிலும் பேருக்கென்று ஒரு விலை வைத்துத்தான் விற்கிறார்கள். கொடுப்பது நாக்குக்கா, லேபிளுக்கா? பேரை மறைத்து ரெண்டு டம்ளரில் ஊற்றிக் குடித்துப் பார்த்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும்!