மரை போனால் எஞ்சினே போச்சா?



அண்மையில் திருகோணமலைக்குப் போயிருந்தேன். நம் லயத்தில் பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர் அங்கே துறைமுகப் பக்கத்துக் கராஜ் ஒன்றில் வள்ளங்களின் எஞ்சின் திருத்துகிறார். நான் நின்ற நேரம் மூதூர்ப் பக்கத்து மீனவர் ஒருவர் எஞ்சினோடு வந்தார். "ஒரு போல்ட் இறுகுதில்ல தம்பி, சும்மா சுத்துது. புதுக் கவர் வாங்கணுமாம்" என்றார். தம்பி பார்த்துவிட்டு, "கவர் வேணாம் அண்ணே, மரையைச் சரி பண்ணித் தாறேன்" என்றார்.

இதை நான் எழுதக் காரணம் உண்டு. நம்மிடமும் ஓட்டோ, மோட்டார் சைக்கிள், புல்வெட்டும் மெஷின் இருக்கின்றன. 2020-இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய வண்டியையே தேற்றி ஓட்டிய வீடுகள் பல. ஓட்டோ நாலு நாள் நின்றால் அந்த வீட்டு அடுப்பு என்னவாகும் என்று உங்களுக்கே தெரியும்.

மரை ஏன் போகிறது?

எஞ்சின் கவர் அலுமினியம், போல்ட் இரும்பு. அலுமினியம் மெதுவானது. அளவுக்கு மீறி இறுக்கினால் அதன் மரைதான் வழித்துக்கொண்டு போகும். கடலோரத்தில் உப்புத் தண்ணீரும் சேர்ந்து அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். போல்ட் இறுகிப் பிடித்து, கழற்றும்போது மரையையும் கொண்டு வந்துவிடும்.

எப்படித் திருத்துவது?

அலுமினியம் ஒட்டும் குச்சி கடைகளில் கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி துத்தநாகம். ஏறக்குறைய 380 முதல் 400 பாகை செல்சியசில் உருகும். அலுமினியம் உருக 660 பாகை வேண்டும். இந்த இடைவெளியில்தான் வேலை நடக்கிறது.

1. துண்டை எஞ்சினிலிருந்து கழற்றி, எண்ணெய், கிரீஸ், பெயின்ட் எல்லாவற்றையும் நீக்குங்கள். ஓட்டையைச் சற்றுப் பெரிதாகத் துளைத்து, துருப்பிடிக்காத இரும்பு பிரஷால் பளிச்சென்று தேயுங்கள்.

2. நெருப்பைத் துண்டுக்குக் காட்டுங்கள், குச்சிக்கு அல்ல. துண்டின் சூட்டிலேயே குச்சி உருக வேண்டும். குச்சியை நெருப்பில் உருக்கினால் அது ஒட்டாமல் மணி மணியாக உருண்டு ஓடும். கவனம்: அலுமினியம் இரும்பைப் போல் சிவக்காது, சூடு மீறினால் திடீரென்று இடிந்து விழும்.

3. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் உண்டு. அது உருக 2000 பாகைக்கு மேல் வேண்டும். ஆகவே குச்சி உருகி நிற்கும்போதே, அதற்குள் கம்பியை விட்டு ஓட்டையின் சுவரைச் சுரண்டுங்கள். தோல் கிழிந்தால்தான் ஒட்டும். பிறகு ஓட்டையை நிரப்புங்கள்.

4. தானாக ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

5. சாதாரண 6 மில்லிமீற்றர் போல்டுக்கு 5 மில்லிமீற்றரும், 8 போல்டுக்கு 6.8 மில்லிமீற்றரும் துளைத்து, மண்ணெண்ணெய் விட்டு மரை வெட்டுங்கள். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே.

முதலில் கழிவுத் துண்டில் பழகிக்கொள்ளுங்கள்.

எங்கே செய்யக் கூடாது?

பிளக் பூட்டும் இடத்திலும் எஞ்சின் ஹெட்டிலும் கூடாது. அங்குள்ள சூட்டில் இந்த ஒட்டு இளகிவிடும். அங்கே இரும்புச் சுருள் மரை போடுவதே முறை. பிரேக், ஸ்டியரிங், சில்லுப் பகுதிகளிலும் கூடாது. அது உயிர் விசயம்.

சில கவர்கள் மக்னீசியத்தால் ஆனவை. ஓர் இடத்தை அரத்தால் உரசி வினாகிரி ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் நெருப்பைக் கிட்டக் கொண்டுபோக வேண்டாம். மக்னீசியம் பற்றினால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் எரியும்.

லயத்து அறைக்குள் இந்த வேலை வேண்டவே வேண்டாம். ஓர் அறையில் பற்றினால் வரிசையே போய்விடும். துத்தநாகப் புகையும் காய்ச்சல், நடுக்கம் தரும். வெளியிலே, பெற்றோல் டாங்கி, பிள்ளைகள் எல்லாம் தூரத்தில் இருக்கும்போது செய்யுங்கள்.

மீனவரின் கவர் ஆறியதும் தம்பி மரை வெட்டினார். போல்டில் கிரீஸ் தடவி, முதலில் விரலாலேயே திருகி, கடைசியில்தான் சாவி போட்டார். "சேர், எடுத்தவுடனே சாவி போட்டுத்தான் நம்மாளுங்க மரையைக் கெடுக்கிறாங்க" என்றார். அந்த ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டால் இந்தக் குச்சியே நமக்குத் தேவைப்படாது.