பாவையும் பாடசாலையும்

ஒரு சமுதாயம் தன் சிறார்க்கு நூல்களால் மட்டும் கற்பிப்பதில்லை. அவர்களை எங்கே இருத்துகின்றது என்பதனாலும் கற்பிக்கின்றது. இவ்வுண்மையை ஆராய்ச்சியால் நிறுவ முயன்றவருள் அமெரிக்க உளவியலறிஞர் கெனத் கிளாக் குறிப்பிடத்தக்கவர். அவர்தம் மனைவியார் மேமி கிளாக் தொடங்கிய ஆய்வே இதற்கு அடிப்படையாயிற்று.

மூன்று முதல் ஏழு வயது வரையுள்ள கறுப்பினச் சிறார் 253 பேரிடம், நிறத்தாலன்றி வேறெவ்வாற்றானும் வேறுபடாத விளையாட்டுப் பாவைகளை இவ்விருவரும் காட்டினர். அழகியது எது, தீயது எது என வினவியபொழுது, பெரும்பாலோர் வெண்ணிறப் பாவையை அழகியதென்றும் மற்றையதைத் தீயதென்றும் சுட்டினர். ‘உன்னைப் போன்றது எது?’ என்ற இறுதி வினாவுக்குச் சிலர் விடை கூறாது அழுதனர். இனவாரிப் பாடசாலைகள் இல்லாத வடபகுதிச் சிறாரிடத்தும் இவ்விருப்பம் காணப்பட்டது. ஆதலின் இத்தாழ்வுணர்ச்சி பாடசாலையில் மட்டுமன்றிச் சமுதாயம் முழுவதிலும் வேரூன்றியது என்பது புலனாகும்.

எனினும், தாழ்வு கற்பிக்கப்பட்டோர் எல்லோரும் அதற்கு அடங்கிவிடவில்லை. வேர்ஜீனியா மாநிலத்து ஃபாம்வில் நகரில், கறுப்பின மாணவர்க்குரிய மோட்டன் உயர்தர பாடசாலை 180 பேருக்கெனக் கட்டப்பட்டது. 1951இல் அங்கே 450 பேர் வரையிற் பயின்றனர். பலர் தார்த்தாள் போர்த்த கொட்டில்களில் அமர்ந்து கற்றனர். அவ்வாண்டு ஏப்பிரல் 23ஆந் திகதி, பதினாறு வயது மாணவி பார்பரா ஜோன்ஸ் தலைமையில் மாணவர் வகுப்புகளைப் புறக்கணித்தனர். முதலில் அவர்கள் வேண்டியது நல்லதொரு கட்டிடமே. இனப்பிரிவினையையே எதிர்ப்பதாயின் உதவுவோம் என வழக்கறிஞர் கூற, மாணவரும் பெற்றோரும் உடன்பட்டனர். அடுத்த மாதமே வழக்குத் தொடரப்பட்டது.

இதுவுட்பட ஐந்து வழக்குகளை ஒருங்கு விசாரித்த அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1954 மே 17இல், பொதுப் பாடசாலைகளில் இனப்பிரிவினை அரசியலமைப்புக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. தீர்ப்பின் அடிக்குறிப்பொன்றிற் கிளாக்கின் ஆய்வறிக்கையும் இடம்பெற்றது.

ஆயினும் தீர்ப்புடன் துன்பம் தீர்ந்ததன்று. ஃபாம்வில் அமைந்த பிரின்ஸ் எட்வேட் மாவட்டம், வெள்ளையர் பிள்ளைகளுடன் கறுப்பினப் பிள்ளைகளை இருத்துவதினும் நன்றெனக் கருதி, 1959இல் பொதுப் பாடசாலைகள் யாவற்றையும் மூடியது. 1964 வரை அவை திறக்கப்படவில்லை. வெள்ளையர் பிள்ளைகள் தனியார் பாடசாலைக்குச் சென்றனர். கறுப்பினப் பிள்ளைகள் பலர் கல்வியின்றி இருந்தனர்.

அறிஞர் காட்டியது இளம் உள்ளத்தின் காயம். மாணவர் காட்டியது அவ்வுள்ளத்தின் வலிமை. இவ்விரண்டையும் ஒருங்கே காணாதவர் சிறாரின் உள்ளத்தை முழுதும் அறிந்தவராகார். கற்பிக்கும் தொழிலை மேற்கொண்டோர் நெஞ்சில் இருத்தத்தக்கது இது.