மோட்டார் வண்டியின் குளிரூட்டியும் அதன் குறை காணும் வழியும்

வெயிற் காலத்திலே மோட்டார் வண்டியின் குளிரூட்டி தளர்வுற்றதும், "வாயு குறைந்துவிட்டது; நிரப்பினாற் போதும்" என்று கூறுதல் வழக்கமாகிவிட்டது. வண்டி ஓட ஓடப் பெற்றோல் குறைவதுபோலக் குளிரூட்டியின் வாயுவும் செலவாகும் என்பதே இக்கூற்றின் உட்கிடை. அது தவறான எண்ணமாகும். குளிரூட்டியின் வாயு எரிவதுமில்லை, தேய்வதுமில்லை. மூடிய குழாய்களுக்குள்ளே மீண்டும் மீண்டும் சுற்றி வருகின்றது. அது குளிர்ச்சி கெடுமளவுக்குக் குறைந்ததாயின், எங்கோ ஓர் ஒழுக்கு உண்டென்பதே பொருள். ஒழுக்கைக் காணாது வாயுவை நிரப்புதல் ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதனை ஒக்கும்.

இதனைத் தெளிவதற்குக் கருவி இயங்கும் முறையை அறிதல் வேண்டும். மண்பானையில் வைத்த நீர் குளிர்வதேன்? பானையின் நுண்டுளைகளாற் கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தே கவர்ந்து செல்கின்றது. குளிர்ச்சி என்பது புதிதாகப் படைக்கப்படும் பொருளன்று; வெப்பத்தை அகற்றுதலே குளிர்ச்சியாம். வண்டியின் குளிரூட்டியும் இவ்வுண்மையையே அடிப்படையாகக் கொண்டது. ஆயின் பானையின் நீர் காற்றோடு கலந்து போய்விடும். குளிரூட்டியின் திரவமோ ஆவியான பின்னரும் மீட்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்படுகின்றது.

இயந்திரத்தின் வாரினாற் சுழற்றப்படும் அமுக்கி, ஆவியை நெருக்கி அதன் அமுக்கத்தையும் வெப்பநிலையையும் உயர்த்துகின்றது. சூடேறிய ஆவி வண்டியின் முன்புறத்திலுள்ள ஒடுக்கியை அடைந்து, வெளிக்காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துத் திரவமாகின்றது. அத்திரவம் விரிவு வால்வின் சிறு துளையைக் கடந்ததும் அதன் அமுக்கம் சடுதியாகத் தாழ்கின்றது. பின்னர் ஆவியாக்கியிலே கொதித்து, வண்டியினுள்ளேயுள்ள காற்றின் வெப்பத்தைக் கவர்ந்து, ஆவியாகி மீண்டும் அமுக்கியைச் சேர்கின்றது. பல வண்டிகளில் வழங்கும் ஆர்-134ஏ என்னும் பொருள், சாதாரண வளியமுக்கத்தில் ஏறத்தாழ -26 பாகை செல்சியஸிற் கொதிப்பதாகலின் இத்தொழிலுக்கு ஏற்றதாயிற்று.

குறை தோன்றியவிடத்து முதலில் எளியனவற்றை நோக்குதல் வேண்டும். வார் தளர்ந்துள்ளதா, அமுக்கியின் காந்தக் கிளச்சு பற்றுகின்றதா, ஒடுக்கியின் மேற் புழுதி படிந்துள்ளதா, அதன் விசிறி சுழல்கின்றதா, உட்காற்றை வடிக்கும் வடி அடைபட்டுள்ளதா என்பன வாயுவைத் தொடாமலே அறியத்தக்கன.

அடுத்து இரு அமுக்கமானிகளைப் பொருத்தி, இயந்திரம் ஓடும்போது தாழமுக்கப் பக்கத்தையும் உயரமுக்கப் பக்கத்தையும் ஒருங்கே நோக்குவர். இரண்டும் தாழ்ந்திருப்பின் வாயு குறைவு எனக் கருதலாம். இரண்டும் மிக உயர்ந்திருப்பின் வாயு மிகையாகவோ, உள்ளே காற்றுக் கலந்தோ, ஒடுக்கியில் வெப்பம் கழியாமலோ இருத்தல் கூடும். தாழ்பக்கம் உயர்ந்தும் உயர்பக்கம் தாழ்ந்தும் நிற்பின் அமுக்கி வலுவிழந்தது எனலாம். தாழ்பக்கம் வெற்றிடத்தை நோக்கிச் செல்லுமாயின் வழியில் அடைப்பு இருத்தல் கூடும்.

இவ்விடத்து ஒரு நுட்பம் அறியற்பாலது. இயந்திரம் நின்றிருக்கையில் அமுக்கமானியை நோக்கி வாயுவின் அளவை மதிக்க முயல்வர் சிலர். குழாயினுள்ளே சிறிதளவு திரவம் எஞ்சியிருக்கும் வரை, அமுக்கம் வெப்பநிலையைப் பொறுத்ததேயன்றி அளவைப் பொறுத்ததன்று. 30 பாகை வெப்பநிலையில் ஆர்-134ஏ சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 97 இறாத்தல் அமுக்கம் காட்டும். உள்ளே நூறு கிராம் திரவம் இருப்பினும், ஐந்நூறு கிராம் இருப்பினும் அஃது ஒன்றே. ஆகவே நிரப்பும் அளவுக்குச் சான்று தராசேயாம். எத்துணைக் கிராம் வேண்டுமென்பது வழக்கமாக இயந்திர மூடியின் கீழுள்ள சீட்டிற் குறிக்கப்பட்டிருக்கும்.

ஒழுக்கினைச் சவர்க்கார நுரையாலோ, புறவூதா ஒளியில் ஒளிரும் சாயத்தாலோ, மின்னியற் கருவியாலோ கண்டு திருத்திய பின், வெற்றிடப் பம்பியினால் உள்ளேயுள்ள காற்றையும் ஈரத்தையும் அகற்றுதல் வேண்டும். ஈரம் எஞ்சின் விரிவு வால்விற் பனிக்கட்டியாகி வழியை அடைக்கும். அமிலம் தோன்றவும் இடமாகும். பம்பியை நிறுத்தியபின் வெற்றிடம் நிலைக்குமாயின் குழாய்கள் செம்மையுற்றன என்க. அதன்பின்னரே நிறுத்தளந்த வாயுவை ஏற்றுதல் முறை. கையுறையும் கண்ணாடியும் இன்றி இதனைச் செய்யலாகாது. தெறிக்கும் திரவம் தோலையும் கண்ணையும் உறையச் செய்யும்.

ஒழுக்கைப் புறக்கணிப்பதால் வரும் கேடு இரண்டு. அமுக்கிக்கு வேண்டிய எண்ணெய் வாயுவோடு கலந்தே சுற்றுவதாகலின், வாயு குறையவே எண்ணெயும் சென்றடையாது அமுக்கி இறுகிப்போகும். இஃது உரியவர்க்கு மாத்திரம் உற்ற நட்டம். மற்றையது உலகத்தாரனைவர்க்கும் உரியது. முன்னர் வண்டிகளில் நிறைந்திருந்த ஆர்-12 என்னும் குளோரோபுளோரோகாபன், மேல்வானத்து ஓசோன் படையைச் சிதைக்கவல்லதென 1974 இல் மொலினா, றோலண்ட் என்னும் இருவர் எடுத்துக்காட்டினர். அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெரிதும் குன்றியமை 1985 இல் வெளியாயிற்று. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை எழுந்தது. அதன் வழி வந்த ஆர்-134ஏ ஓசோனைச் சிதையாதெனினும், நூறாண்டுக் கணக்கிற் கரியமில வாயுவிலும் 1,300 மடங்கு அளவுக்குப் புவியை வெப்பமுறச் செய்வது. ஆதலின் 2016 இற் கிகாலியில் இத்தகைய பொருள்களையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இணங்கின.

அரைக் கிலோகிராம் ஆர்-134ஏ ஒழுகிப் போகுமாயின், அறுநூறு கிலோகிராமுக்கு மேற்பட்ட கரியமில வாயுவை வெளிவிட்டதற்கு அது நிகராகும். ஆண்டுதோறும் நிரப்பி ஆண்டுதோறும் ஒழுகவிடும் வண்டி, தன்னுள்ளே சிறிது குளிர்ச்சியைப் பெறுதற்காகப் புறத்தே வெப்பத்தைப் பெருக்குகின்றது. குறியைக் கண்டதும் நிரப்புதல் எளிது. காரணத்தைக் கண்டு திருத்துதலே தொழிலறிவு.