இருக்கை ஆறு, விண்ணப்பம் அறுபது: சமூகப் பட்டறைகளில் வகுப்பு அட்டவணை அமைக்கும் முறை

தனி ஒருவர் வாங்கி வைத்துக்கொள்ள இயலாத கருவிகளைப் பலரும் கூடிப் பயன்படுத்தும் இடமே சமூகப் பட்டறை ஆகும். மரம் அறுக்கும் இயந்திரம், லேத், தையல் இயந்திரம், சால்டரிங் மேசை, முப்பரிமாண அச்சுப்பொறி போன்றவை அங்கே ஒரே கூரையின் கீழ் கிடைக்கின்றன. நம் நாட்டிற்கு இது முற்றிலும் புதியதன்று. முனைவர் கல்பாக் அவர்கள் 1983-ஆம் ஆண்டில் புணே மாவட்டத்தின் பாபல் கிராமத்தில் விஞ்ஞான் ஆசிரமத்தைத் தொடங்கினார். கையால் செய்து கற்பதே அதன் கல்வி முறை. அமெரிக்காவின் எம்ஐடி நிறுவனத்தின் துணையுடன் 2002-ஆம் ஆண்டில் அங்கே அமைந்த ஃபேப் லேப், உலகின் தொடக்ககால ஃபேப் லேப்களுள் ஒன்றாகும். 2009-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாமில் தோன்றிய ‘ரிப்பேர் கஃபே’ என்னும் பழுதுபார்க்கும் கூடல், 2015-ஆம் ஆண்டில் பெங்களூருக்கும் வந்தது. பழுதான மின்விசிறியையோ மிக்சியையோ எடுத்து வருபவர், தன்னார்வலரின் அருகில் அமர்ந்து அதைச் சீர்செய்யக் கற்றுக்கொண்டு திரும்புகிறார்.

இத்தகைய இடங்களில் கற்பிப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாதவர்கள். ஓய்வுபெற்ற தொழிற்சாலைப் பணியாளர், தையற்கலைஞர், மென்பொருள் பொறியாளர், தச்சர் எனப் பலரும் தத்தம் ஓய்வு நேரத்தை அளிக்கின்றனர். வகுப்பு நன்றாக இருந்தால் செய்தி விரைவில் பரவுகிறது. அடுத்த முறை ஆறு இருக்கைகளுக்கு அறுபது பேர் பெயர் கொடுக்கிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது.

இருக்கையை ஏன் கூட்ட முடியாது?

சொற்பொழிவு என்றால் நாற்காலிகளைக் கூட்டிவிடலாம். பட்டறை வகுப்பில் அது இயலாது. சுழலும் இயந்திரத்தின் முன் நிற்கும் ஒவ்வொருவர் மீதும் ஆசிரியரின் கண் இருக்க வேண்டும். கருவிகளின் எண்ணிக்கையும் ஓர் எல்லையை வகுக்கிறது. எனவே ஆசிரியரை மேலும் மேலும் வகுப்பெடுக்கச் சொல்வதே எளிய வழியாகத் தோன்றும். மாதம் ஒரு ஞாயிறு தருவதாகச் சொன்னவரிடம் நான்கு ஞாயிறுகளும் கேட்கப்படும். மறுக்கத் தயங்கிச் சில மாதங்கள் வருவார். பிறகு ஒருநாள் முற்றிலும் நின்றுவிடுவார். அவருடன் அந்த வகுப்பும் நின்றுவிடும். மறுபுறம், மூன்று முறை முயன்றும் இடம் கிடைக்காதவர் நான்காம் முறை முயல்வதில்லை. ஆக, அட்டவணை சரியில்லாவிடில் பட்டறை கற்பிப்போரையும் இழக்கும், கற்போரையும் இழக்கும்.

முதலில் கணக்கு

வரிசைகளைக் கணக்கிடும் அறிவியல் 1909-ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தொலைபேசி நிலையப் பொறியாளர் எர்லாங் அவர்களின் கட்டுரையிலிருந்து வளர்ந்தது. 1961-ஆம் ஆண்டில் ஜான் லிட்டில் நிறுவிய விதி எவரும் பயன்படுத்தத்தக்கது: காத்திருப்போர் எண்ணிக்கையை, ஒரு மாதத்தில் இடம் பெறுவோர் எண்ணிக்கையால் வகுத்தால், சராசரிக் காத்திருப்பு எத்தனை மாதம் என்பது தெரிந்துவிடும். அறுபது பேர் காத்திருக்க, மாதம் ஆறு பேர் கற்றால், காத்திருப்பு பத்து மாதம்.

இது வரிசை நிலையாக இருக்கும்போது மட்டுமே பொருந்தும். மாதந்தோறும் புதிதாகப் பத்துப் பேர் பெயர் கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் ஆறு இருக்கை என்றால், வரிசை மாதத்திற்கு நான்கு பேராக நீண்டுகொண்டே போகும், ஒருநாளும் தீராது. வகுப்பை இரட்டிப்பாக்கிப் பன்னிரண்டு இருக்கை தந்தால், மாதம் இரண்டு பேர் குறைவர். அறுபது பேரின் வரிசை கரைய முப்பது மாதங்கள் ஆகும். பதினெட்டு இருக்கை தந்தால் மாதம் எட்டுப் பேர் குறைவர். எட்டு மாதத்திற்குள் வரிசை தீர்ந்துவிடும். ஒரே ஆசிரியரை இருமடங்கு உழைக்கச் செய்வதால் பெரும்பயன் இல்லை, மூன்று ஆசிரியர்கள் தேவை என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது.

கணக்கிடும் முன் பட்டியலைச் சரிபார்ப்பதும் அவசியம். ஆறு மாதங்களுக்கு முன் பெயர் கொடுத்தவர்களுள் சிலருக்கு இப்போது ஆர்வம் இராது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை குறுஞ்செய்தி அனுப்பி, “இன்னும் காத்திருக்கிறீர்களா?” என்று கேட்டால் உண்மையான வரிசை வெளிப்படும்.

யாருக்கு இடம்?

குறித்த நாளில் காலை ஒன்பது மணிக்குப் பதிவைத் திறந்து, முந்தியவருக்கு இடம் என்று அறிவிப்பது பல இடங்களில் வழக்கம். நியாயமாகத் தோன்றினாலும் இதன் பயன், அந்நேரத்தில் கைப்பேசியுடன் ஓய்வாக இருப்பவருக்கே செல்கிறது. பேருந்து ஓட்டிக்கொண்டிருக்கும் ஓட்டுநரும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் தாயும் தவறிவிடுகின்றனர்.

வங்கியில் பாதுகாப்புப் பெட்டகத்திற்கு விண்ணப்பித்திருப்போர் இதற்கான விடையை அறிவர். பெட்டகம் காலியாக இல்லையெனில் விண்ணப்பத்தைப் பெற்றுக்கொண்டு காத்திருப்போர் பட்டியல் எண் வழங்க வேண்டும் என்பது 2021-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கி நெறிமுறை. பட்டறையும் இவ்வாறே எண் வழங்கலாம். எண் கையில் இருந்தால் காத்திருப்பவருக்கு அமைதி கிடைக்கும். தமக்கு வேண்டியவருக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள் என்ற ஐயமும் எழாது. முன்பே ஒரு வகுப்பில் கற்றவர், அதே வகுப்புக்கு மீண்டும் பதிந்தால் பட்டியலின் இறுதியில் இடம்பெறுவார் என்பதையும் விதியாக எழுதிவைப்பது நலம்.

வராதவர் விட்டுச்செல்லும் காலி இருக்கை

இலவச வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டு வராமலிருப்பது எளிது. அறுபது பேர் காத்திருக்கும் வகுப்பில் இரண்டு இருக்கைகள் காலியாகக் கிடப்பதைக் காணும் ஆசிரியரின் மனம் சோர்வுறும். சிறு காப்புத்தொகை இதற்கு நல்ல மருந்து. இருநூறு ரூபாயை யூபிஐ வழியாகப் பெற்று, வகுப்புக்கு வந்தவருக்கு அன்றே திருப்பித் தரலாம். இரண்டு நாள்களுக்கு முன் தெரிவித்து விலகுபவருக்கும் முழுத்தொகை உண்டு. அவ்விடம் பட்டியலில் அடுத்தவருக்குச் செல்லும். கட்ட இயலாதவர் கேட்டால், காரணம் வினவாமல் விலக்கு அளிக்க வேண்டும்.

வணிகவியல் பயின்றோர் ஒன்றை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். காப்புத்தொகை பட்டறையின் வருமானம் அன்று. அது திருப்பித் தர வேண்டிய பொறுப்பு. அதைத் தனிக் கணக்குத் தலைப்பில் எழுதுங்கள். மின்கட்டணத்திற்கென்று அதிலிருந்து எடுக்க வேண்டாம். முன்னறிவிப்பின்றி வராதவரின் தொகை எந்நிதிக்குச் செல்லும் என்பதைப் பதிவின்போதே தெரிவித்துவிடுங்கள்.

ஆசிரியரின் நாள்காட்டியே அடிப்படை

அட்டவணையை இடத்திலிருந்தோ இயந்திரத்திலிருந்தோ தொடங்காமல், ஆசிரியரிடமிருந்து தொடங்க வேண்டும். மாதம் எத்தனை மணி நேரம் தர இயலும் என்று கேட்டு, அவர் சொல்வதற்குச் சற்றுக் குறைவாகவே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களுக்கு மட்டும் உறுதி பெறுங்கள். நான்காம் மாதம் ஓய்வு. தயாரிப்பு நேரமும் வகுப்புக்குப் பின் துப்புரவு நேரமும் கணக்கில் சேர வேண்டும். இரண்டு மணி நேர வகுப்பு உண்மையில் நான்கு மணி நேர உழைப்பாக இருக்கக்கூடும். பேருந்துக் கட்டணத்தையும் பொருள்களுக்குச் செய்த செலவையும் ரசீதின்பேரில் அன்றே கொடுத்துவிடுவது மரியாதை.

ஒவ்வொரு வகுப்பிலும் நன்கு கற்ற ஒருவரை அடுத்த வகுப்புக்கு உதவியாளராக அழைக்கலாம். இரண்டு வகுப்புகள் உடன் நின்றபின், மூன்றாம் வகுப்பை அவரே நடத்த, பழைய ஆசிரியர் அருகிலிருந்து பார்க்கட்டும். மேலே கண்ட கணக்கு கோரும் மூன்று ஆசிரியர்கள் இவ்வாறுதான் உருவாகின்றனர். பாதுகாப்பு விதிகளைக் கற்பிக்கும் தொடக்கப் பாடத்திற்கு இயந்திரம் தேவையில்லை என்பதால், அதை இருபத்தைந்து பேருக்கு ஒன்றாக வேறொருவர் நடத்தலாம். அனுபவமிக்கவரின் நேரம் இயந்திரப் பயிற்சிக்கு மட்டும் மிஞ்சும்.

நாள்களைத் தேர்ந்தெடுத்தல்

‘ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு’ என்பது மனத்தில் நிற்கும். மாறிமாறி வரும் தேதிகள் நிற்பதில்லை. பொதுத்தேர்வு நடைபெறும் மார்ச் மாதத்திலும் தீபாவளிக்கு முந்திய வாரத்திலும் வருகை குறையக்கூடும். கோடை விடுமுறையில் கூடும். 2015 செப்டம்பர் முதல் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகள் வங்கிகளுக்கு விடுமுறை. எம் போன்ற வங்கி ஊழியர்கள் தன்னார்வலர்களாக வர உகந்த நாள்கள் அவை. ஓசை மிகுந்த இயந்திரங்களைப் பகலிலும், தையல், சால்டரிங் போன்றவற்றை மாலையிலும் வைத்தால் அண்டை வீட்டாரின் நல்லெண்ணம் நிலைக்கும்.

எல்லா நாள்களையும் வகுப்புகளால் நிரப்பிவிடவும் கூடாது. கற்றவர் பழகுவதற்கு இயந்திரம் கிடைக்காவிடில் கற்றது மறந்துபோகும். வாரத்தில் ஒரு நாளைப் பயிற்சிக்கும், மாதத்தில் ஒரு நாளைத் தள்ளிப்போன வகுப்புக்கும் ஒதுக்கிவையுங்கள்.

வங்கியின் பங்கு

இவ்வாறு தொகை கைமாறும்போது அது தனிநபர் கணக்கில் சேரக் கூடாது. பட்டறைக் குழு தன் பெயரிலேயே கணக்கு தொடங்கி, இருவர் கூட்டாகக் கையொப்பமிடும்படி அமைத்துக்கொள்வது அனைவருக்கும் பாதுகாப்பு. பதிவுச் சான்றிதழ், விதிமுறைகள், நிர்வாகக் குழுவின் தீர்மானம், பான், கையொப்பமிடுவோரின் கேஒய்சி ஆவணங்கள் ஆகியவற்றுடன் கிளையை அணுகலாம். பதிவு பெறாத குழுக்களுக்கும் வழி உண்டு. தேவைப்படும் ஆவணங்களைக் கிளையில் கேட்டறிக.

கற்ற கலையையே தொழிலாக்க விரும்புவோர்க்கு, வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்கள் அடுத்த படியாகும். 1982-ஆம் ஆண்டில் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியே அவற்றுக்கு முன்மாதிரி. கட்டணமில்லாப் பயிற்சியோடு, தொழில் தொடங்கக் கடன் பெறுவதற்கான வழிகாட்டுதலும் அங்கே கிடைக்கிறது.

ஓய்வுபெற்ற வாடிக்கையாளர்கள் பலரிடம் நாற்பது ஆண்டுக் கைத்திறன் இருக்கிறது. உங்கள் ஊரில் பட்டறை இருப்பின், மாதம் இரண்டு மணி நேரம் தர முன்வாருங்கள். அதற்கு மேல் கேட்டால், அடுத்தவருக்குக் கற்றுத் தந்துவிட்டதாகச் சொல்லுங்கள். கற்க விரும்புவோர், பெயர் கொடுத்த நாளில் தவறாமல் செல்லுங்கள். செல்ல இயலாவிடில் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். பட்டியலில் அடுத்த எண்ணுக்குரியவர் அந்த அழைப்புக்காகக் காத்திருக்கிறார்.