சொன்னபடி கேட்காத நோயாளி

“முட்டியை மடக்குங்க, பத்து தடவை” என்றால் மனிதர் முனகிக்கொண்டாவது செய்துவிடுவார். குதிரையிடம் எப்படிச் சொல்வது? அதற்குத்தான் கேரட். விலாப்பக்கம் நீட்டினால் கழுத்தை வளைத்து எட்டிக் கவ்வுகிறது. முன்னங்கால்களுக்கு நடுவே காட்டினால் தலை தாழ்கிறது, முதுகு மேலெழுகிறது. மூன்று மாதம் இப்படிச் செய்த குதிரைகளுக்கு முதுகெலும்பை ஒட்டிய தசைகள் பருத்திருந்ததை 2011இல் வெளியான ஓர் ஆய்வு ஸ்கேன் எடுத்தே காட்டியது. குதிரையைக் கேட்டால், கேரட் தின்றேன் என்றுதான் சொல்லும்.

விலங்கு பிசியோதெரபியில் பாதி வேலை இந்தத் தந்திரம்தான்.

பிரிட்டனில் இது மனித வைத்தியத்திலிருந்து கிளைத்தது. மவுண்ட்பேட்டன் பிரபுவுக்குச் சிகிச்சை அளித்த சார்லஸ் ஸ்ட்ராங், பிறகு அவருடைய குதிரைகளுக்கும் அதையே செய்யப்போக, வழி திறந்தது.

நம் வீடுகளுக்குப் பழக்கமான நோயாளி டாஷண்ட் நாய். காலைக் குட்டையாக்கும் மரபணு மாற்றமே அதன் முதுகெலும்பு டிஸ்க்குகளையும் இளம் வயதிலேயே இறுகவைக்கிறது. ஒருநாள் சோபாவிலிருந்து குதிக்கும்; டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்தும்; பின்னங்கால்கள் இழுபடும். ஆபரேஷனோ கட்டாய ஓய்வோ, அது மருத்துவர் முடிவு. அதற்குப் பின்னால் வருவதுதான் நீண்ட வேலை.

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு ட்ரெட்மில். இடுப்பு மூட்டு வரை தண்ணீர் நிரப்பினால் நாயின் கால்கள் தாங்கவேண்டியது உடல் எடையில் சுமார் 38 சதவீதம் மட்டுமே. கீழே பட்டை பின்னோக்கி நகர, கால் தானும் எட்டுவைக்கப் பார்க்கிறது. தேறத் தேறத் தண்ணீரைக் குறைத்து எடையைக் கூட்டுவார்கள்.

தொட்டி இல்லாத ஊரிலும் செய்ய நிறைய இருக்கிறது. நாயை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பின்னங்காலைச் சைக்கிள் மிதிப்பதுபோல் மெல்லச் சுழற்றலாம். அடிவயிற்றில் துண்டைக் கொடுத்துத் தூக்கிப் பிடித்து நிற்கவைக்கலாம். எவ்வளவு, எத்தனை தடவை என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். நாய் திரும்பி உங்கள் கையைப் பார்த்தாலோ, உதட்டை நக்கினாலோ நிறுத்திவிடுங்கள். வலிக்கிறது என்பதை அது அப்படித்தான் சொல்லும். இன்னொன்று, நாம் ஆசையாகப் பதித்த வழவழ டைல்ஸ். நிற்கவே தடுமாறும் காலுக்கு அதைவிடப் பகை இல்லை. ரப்பர் பாய் விரித்தாக வேண்டும்.

சில நாய்களுக்குக் காலுக்கு முன்பே வால் அசையும். வெறும் அனிச்சைத் துடிப்பா, நாயே ஆட்டியதா? தெரிந்துகொள்ள மருத்துவர், வளர்ப்பவரைச் சற்றுத் தள்ளி நிற்கவைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்.