பல்லு வரும் பிள்ளைக்கு ஒரு ஈர லேஞ்சி

இரவு இரண்டு மணி இருக்கும். “அம்மா, ஒருக்கா இஞ்ச வாங்கோவன். இவன் நித்திரையே கொள்ளுறானில்லை” என்று மகள் கூப்பிட்டாள். பேரனுக்கு அப்போது ஏழு மாதம். ஒரு கையை மணிக்கட்டு வரை வாய்க்குள் திணித்திருந்தான். சட்டை நெஞ்சு வரை வீணீரில் நனைந்து கிடந்தது. அழுதழுது தொண்டையும் கம்மிவிட்டது. சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து, சுட்டுவிரலைக் கீழ் முரசில் வைத்தேன். ஈறு என்பதை யாழ்ப்பாணத்தில் நாங்கள் முரசு என்போம். நடுவில் இரண்டு இடம் தடித்து வெளிறியிருந்தது. உள்ளே பச்சரிசி நுனி போல ஏதோ விரலில் தட்டுப்பட்டது. அந்த இடத்தை மெல்ல அழுத்தித் தேய்த்தேன். அழுகை நின்றது. விரலை முரசால் இறுக்கிக் கவ்விக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

குடும்பநல உத்தியோகத்தராக, சனங்கள் கூப்பிடுகிற மாதிரிச் சொன்னால் மிட்வைஃப் மிஸ்ஸியாக, வடமராட்சி ஒழுங்கைகளில் 26 வருடம் சைக்கிள் உழக்கியிருக்கிறேன். பல்லு வருகிற பிள்ளைக்குச் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம் என்று அந்த வருடங்களில் எத்தனையோ தாய்மாருக்குச் சொல்லியிருக்கிறேன். சுத்தமான விரல், குளிர்ந்த துணி, தூக்கி வைத்திருக்க ஒரு மடி, இவ்வளவும் போதும்.

துணியைப் பற்றி விபரமாகச் சொல்ல வேண்டும். பழகிய பருத்தி லேஞ்சி நல்லது. கைக்குட்டையைத்தான் சொல்கிறேன். ஓரம் நூல் பிரியாததாக, லேசும் பொத்தானும் இல்லாததாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் கொதிநீரில் அவித்து ஆறவிட்டு, ஆறவைத்த தண்ணீரிலேயே நனைத்துப் பிழிந்து, ஒரு மூலையில் தடிப்பாக ஒரு முடிச்சுப் போடுங்கள். மூடியுள்ள சுத்தமான பெட்டிக்குள் வைத்து, பிரிட்ஜின் சாதாரணத் தட்டில் இருபது நிமிடம் விட்டால் போதும். ஐஸ் கட்டுகிற பெட்டியில் வைக்க வேண்டாம். கல்லாக உறைந்த துணியோ வளையமோ மெல்லிய முரசுத் தோலைப் புண்ணாக்கிவிடும். முடிச்சைப் பிள்ளையின் வாய்ப்பக்கம் கொடுத்து, மற்ற நுனியை அவன் கையில் கொடுத்து, நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். குளிர் வீக்கத்தை வற்றச் செய்து கொஞ்சம் மரத்துப்போக வைக்கும். கீழிருந்து பல்லு தள்ள, மேலிருந்து முடிச்சு அழுத்த, அந்த அழுத்தம் பிள்ளைக்கு இதமாக இருக்கும். ஒருமுறை கடித்த துணியைத் திரும்பப் பெட்டிக்குள் வைக்காமல் கழுவி அவித்து எடுங்கள்.

என் மகனுக்குப் பல்லு வந்தது 1991இல். யாழ்ப்பாணத்தில் அதற்கு முந்திய வருடமே மின்சாரம் போய்விட்டது. பிரிட்ஜ் அரிசி வைக்கிற அலுமாரியாகக் கிடந்தது. மண்கூசாத் தண்ணீரில்தான் லேஞ்சியை நனைத்தேன். விடியப்புறம் கூசாவின் கழுத்தைத் தொட்டால் விரல் சில்லிடும். அந்தக் குளிரே அவனுக்குப் போதுமாயிருந்தது. ஆகவே பிரிட்ஜ் இல்லாத வீட்டுத் தாய்மார் குறைப்பட வேண்டாம்.

வீணீர் வடியத் தொடங்கியதும் பல்லு வந்துவிட்டது என்று நினைப்பார்கள். மூன்று நான்கு மாதத்திலேயே உமிழ்நீர் அதிகம் ஊறத் தொடங்கும். அதை விழுங்கப் பிள்ளை இன்னும் பழகியிருக்காது. அதுதான் வழிகிறது. பல்லு அதற்குப் பிறகும் மாதக் கணக்கில் வராமல் இருக்கலாம். நாடியும் கழுத்து மடிப்பும் ஈரத்தில் சிவந்து போகாமல், தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, மெல்லிதாக வாசலீன் பூசிவிடுங்கள்.

பல்லுக்கான முளை தாயின் வயிற்றிலேயே உண்டாகிவிடுகிறது. பிறக்கும்போது பாற்பற்கள் தாடை எலும்புக்குள் இருக்கின்றன. நேரம் வரும்போது மேலே உள்ள எலும்பு கரைந்து வழிவிட, முரசுத் தசையும் மெலிந்து திறந்துகொள்ளும். கத்தியால் கீறுவதுபோலப் பல்லு தசையைக் கிழித்துக்கொண்டு வருவதில்லை. சில பிள்ளைகளுக்குப் பல்லு வருகிற இடத்தில் நீலமாக ஒரு கொப்புளம் எழும்பும். தாய்மார் அதைக் கண்டு பதறுவார்கள். பல்லு வந்ததும் அது தானாக வற்றிவிடும், ஊசி கொண்டு கிட்டப் போகக்கூடாது. பெரும்பாலும் ஆறாம் மாதமளவில் கீழ் நடுப் பல்லு இரண்டும் வரும். நாலாம் மாதம் வந்தாலும் வருடம் நிறைந்து வந்தாலும் குறையில்லை. 18 மாதமாகியும் ஒன்றும் வராவிட்டால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். மூன்று வயதுக்குள் இருபதும் வந்துவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தது. என் மகனுக்கு ஒன்பது மாதத்தில் வயிற்றோட்டம் தொடங்கியது. “பல்லுக்குப் போகுது பிள்ளை, பயப்பிடாதை” என்றார் மாமி. எட்டுப் பிள்ளை பெற்று வளர்த்தவர், அவர் சொல்லை நான் நம்பினேன். இரண்டாம் நாள் பின்னேரம் அழுதான், கண்ணீர் வரவில்லை. உச்சிக்குழி பள்ளமாய் இறங்கியிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மடிப்பு அப்படியே நின்றது. சைக்கிள் கரியரில் பிள்ளையோடு என்னை இருத்தி, என் கணவர் மண் ஒழுங்கையால் உழக்கி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார். அன்றிரவு முழுக்கக் வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனிக் கரைசலைக் கரண்டி கரண்டியாகப் பருக்கினோம். விடியும்போது மடியில் சிறுநீர் கழித்தான். அந்த ஈரச்சூடு இன்றைக்கும் என் மடியில் இருக்கிறது. கீழ் முரசில் பல்லு வந்திருந்ததும் உண்மை. ஆனால் வயிற்றோட்டம் அதனால் வந்ததல்ல. வேலையில் சேர்ந்து பயிற்சிக்குப் போனபோதுதான் இதைப் படித்தேன்.

இரண்டும் ஒன்றாக வருவதற்குக் காரணம் உண்டு. தாயிடமிருந்து பிள்ளை கொண்டுவந்த நோய் எதிர்ப்பு ஆறாம் மாதமளவில் குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில்தான் பிள்ளை தவழத் தொடங்கி, நிலத்தில் கிடந்ததையெல்லாம் முரசு தினவெடுக்க வாயில் வைக்கிறது. தாய்ப்பாலோடு வேறு உணவும் அப்போதுதான் தொடங்குகிறோம். கிருமி உள்ளே போகிற காலமும் பல்லு வருகிற காலமும் ஒன்று. பழி பல்லுக்குப் போகிறது.

அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் செய்த ஆய்வொன்று 2000இல் வெளிவந்தது. 125 பிள்ளைகளின் பெற்றார் நாள்தோறும் காய்ச்சல் பார்த்து, அறிகுறிகளைக் குறித்து வைத்தார்கள். 475 பல்லு வந்த கணக்கு அது. பல்லு வருவதற்கு நாலு நாள் முன்பிருந்து வந்து மூன்று நாள் வரை கடித்தல், வீணீர், சினம், முரசு தேய்த்தல், காது தடவல், திண்ம உணவில் மனமின்மை, உடம்பில் இலேசான சூடு ஆகியவை கூடின. வயிற்றோட்டம், சத்தி, இருமல், கடும் காய்ச்சல் ஆகியவற்றுக்கும் பல்லுக்கும் தொடர்பு தெரியவில்லை.

ஆகவே தேர்மோமீட்டர் 100.4 பாகை பரனைட்டையோ அதற்கு மேலோ காட்டினால் அதைக் காய்ச்சலாகவே எடுங்கள். மழைக்காலத்தில் எங்கள் பக்கம் டெங்கு வரும். அந்த மாதங்களில் ‘பல்லுக் காய்ச்சல்’ என்று இரண்டு நாள் பார்த்திருப்பது பெரும் ஆபத்து. பிள்ளை பால் குடிக்க மறுத்தால், சோர்ந்து விழுந்தால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால் யாரிடமும் அபிப்பிராயம் கேட்டு நிற்காமல் வைத்தியரிடம் போங்கள்.

பல்லின் மேல் போட்ட பழி பழையது. 1839இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மரணங்களுக்குப் பல்லு முளைத்ததே காரணம் என்று அரசாங்கப் பதிவில் எழுதினார்கள். நோவுக்கென்று விற்ற பொடிகளில் பாதரசம் கலந்திருந்தது. கையும் காலும் சிவந்து தோல் உரிந்து, பிள்ளைகள் இரவு பகலாகத் துடித்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்தப் பொடிகளை நிறுத்தியதும் நோயும் மறைந்தது. 2008இல் நைஜீரியாவில் பல்லுநோவுப் பாணி ஒன்றில் நச்சு இரசாயனம் கலந்து எண்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் செத்துப்போனார்கள். பல்லுக்கென்று போத்தலில் எதையும் வாங்க என் மனம் ஒப்பாததற்கு இதெல்லாம் காரணம்.

மகளின் சித்தி கனடாவிலிருந்து வந்தபோது முரசில் பூசும் ஜெல் ஒன்றும் அம்பர் மணிமாலை ஒன்றும் ஆசையாகக் கொண்டுவந்தார். ஜெல்லின் பெட்டியை வாசித்தேன், பென்சோகெயின் என்று இருந்தது. அது குழந்தையின் இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் சக்தியைக் குறைத்துவிடக்கூடும். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பூசவேண்டாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018இல் சொல்லிவிட்டது. அதே வருடம் பல்லுமாலைகளுக்கு எதிராகவும் எச்சரித்தது. 18 மாதப் பிள்ளை ஒன்று பகல் நித்திரையில் அம்பர் மாலை கழுத்தை இறுக்கி இறந்திருந்தது. “அக்கா, அங்க எல்லாப் பிள்ளையளும் போட்டிருக்குதுகள்” என்றார். “தங்கச்சி, நீ அன்பாத்தான் கொண்டந்தனி. ஆனா அவன்ர கழுத்தில போடமாட்டன்” என்றேன். அவருக்கு முகம் வாடியது. பரவாயில்லை.

எங்கள் வீட்டு வழக்கங்களிலும் விட வேண்டியவை உண்டு. முரசில் தேன் தடவுவது ஒன்று. ஒரு வயதுக்கு முன் தேன் ஆகவே ஆகாது, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் பொட்டுலிசம் கிருமியின் விதை அதில் இருக்கலாம். கடிக்கக் கொடுக்கும் வசம்பில் நச்சுத்தன்மை உண்டு. துணியில் சாராயம் தோய்த்து வைப்பதைக் கண்டும் கோபப்பட்டிருக்கிறேன். பச்சைக் கரட் துண்டு கொடுக்கச் சொல்லுவார்கள். புதுப் பல்லு அதைச் சீவி எடுத்துவிடும், சீவல் மூச்சுக்குழாயில் போய் அடைக்கும். என் வீட்டில் கொடுக்க விடமாட்டேன்.

பால் கொடுக்கும்போது கடிக்கிறான் என்று மகள் அழுதாள். கடித்தால் தலையை இழுக்காமல், அவன் வாயோரத்தில் உங்கள் சின்னவிரலை நுழைத்து முரசைப் பிரித்துவிட்டுக் கழற்றுங்கள். குடித்து முடிந்து விளையாடத் தொடங்குகிற நேரத்தில்தான் கடிப்பார்கள். பால் கொடுக்கு முன் குளிர் லேஞ்சியைக் கொஞ்சம் கடிக்க விட்டால் குறையும். இவ்வளவும் செய்தும் அடங்காத நோவுக்குப் பரசிற்றமோல் கொடுக்கலாம். அதை வைத்தியர் பிள்ளையின் நிறைக்குச் சொல்லுகிற அளவில்தான் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது தேவைப்படவில்லை.

ஐந்தாம் நாள் காலை தண்ணீர்ப் பேணியை வாயில் வைத்தபோது ‘டிக்’ என்று ஒரு சத்தம். மகளும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். திரும்பவும் வைத்தேன். திரும்பவும் ‘டிக்.’ அடுத்த கிழமை பல்லுக்கொழுக்கட்டை அவித்தோம். பயறும் தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் உள்ளே வைத்து, வாயோரத்தில் தேங்காய்ச் சொட்டைப் பல்லாகக் குத்தி, வெள்ளைத் துணி பிடித்துத் தலையில் சொரிந்தோம். சொரிந்த கையோடு சொட்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினேன், அவன் கைக்கு எட்ட ஒன்றும் மிஞ்சக்கூடாது. அன்றிரவே அந்த இரண்டு பல்லையும் ஈரத்துணியால் துடைக்கத் தொடங்கினோம். இப்போது சின்னத் தூரிகையில் அரிசி அளவு புளோரைட் பற்பசை.

நேற்றிலிருந்து மேல் முரசும் தடித்திருக்கிறது. பிரிட்ஜில் இரண்டு லேஞ்சி முடிந்து வைத்திருக்கிறேன்.