கரும்புத் தொட்டிலும் அரசுத் தொட்டிலும்

கார்த்திகை தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் தேர்கள் அசையும்போது, கூட்டத்தின் ஊடே இளந்தம்பதியர் கரும்புத் தொட்டில் சுமந்து வருவதைக் காணலாம். முழுக் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் சேலையைத் தூளியாகத் தொங்கவிட்டு, உள்ளே பச்சிளம் குழந்தையைக் கிடத்தி, முன்னும் பின்னுமாகத் தோளில் தாங்கி வலம் வருவார்கள். பிள்ளை வரம் வேண்டி அண்ணாமலையாரிடம் நேர்ந்துகொண்ட கடன் அது. ஆண் குழந்தைக்கு ஒரு கரும்பு, பெண் குழந்தைக்கு ஒரு கரும்பு என்ற பேதம் அந்தச் சடங்கில் இல்லை.

இதே மாவட்டத்துக்கு 2011-இல் இன்னொரு தொட்டிலும் வந்தது. அது அரசுத் தொட்டில். பெண் சிசுக் கொலையைத் தடுக்க 1992-இல் ஜெயலலிதா அரசு சேலம் மாவட்டத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம், 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கு விரிந்தது. பத்தாண்டுகளுக்குப் பிறகு கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம் ஆகியவற்றோடு திருவண்ணாமலையும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. காரணம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. ஆறு வயதுக்கு உட்பட்டோரில் ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 2001-இல் 948 பெண் குழந்தைகள் இருந்த மாவட்டத்தில், 2011-இல் 930 பேரே இருந்தனர். பிள்ளை வரம் கேட்டு ஊரே திரண்டு வரும் தலத்தைச் சுற்றித்தான் இந்தக் கணக்கும்.

உசிலம்பட்டியின் கள்ளிப்பாலைப் பற்றி எண்பதுகளில் நாடே பேசியது. இன்று கள்ளிப்பாலின் இடத்தை ஸ்கேன் கருவி பிடித்துக்கொண்டது. கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடை செய்யும் சட்டம் 1994-லேயே வந்துவிட்டது. ஆனாலும் சட்டவிரோதமாகப் பாலினம் பார்த்துக் கருக்கலைப்பு செய்துவந்தவர்கள் 2018 டிசம்பரில் திருவண்ணாமலையிலேயே பிடிபட்டார்கள். பிறந்த பின் கைவிடப்படும் குழந்தைக்குத்தான் அரசுத் தொட்டில் பயன்படும். பிறக்கவே விடப்படாத குழந்தைக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை.

பெண் பிள்ளை ஏன் பாரமாகிறாள் என்ற கேள்விக்கு வரதட்சிணை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடுகிறோம். அது உண்மைதான், முழு உண்மை அல்ல. கொள்ளி வைக்க ஒரு பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் அதைவிடப் பழையது. இந்த எண்ணத்துக்குத் திருவண்ணாமலையிலேயே ஒரு தலபுராணச் சாட்சியும் உண்டு. போசள மன்னன் மூன்றாம் வீர வல்லாளன் இவ்வூரைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன். 14-ஆம் நூற்றாண்டில் மதுரை சுல்தானுடனான போரில் மாண்டவன். கோயிலில் அவன் பெயரால் ஒரு கோபுரம் இருக்கிறது. பிள்ளையில்லாத அவனுக்கு அண்ணாமலையாரே மகனாக வந்தார் என்பதும், அதனால் ஆண்டுதோறும் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டு ஆற்றங்கரைக்கு எழுந்தருளி அவனுக்குத் திதி கொடுக்கிறார் என்பதும் ஐதீகம். (வரலாற்றில் அவனுக்குப் பின் நான்காம் வல்லாளன் என்ற மகன் பட்டம் ஏறியதாகத் தெரிகிறது. ஐதீகத்தின் கணக்கு வேறு.)

மகன் இல்லாவிட்டால் கடவுளே மகனாக வந்தாக வேண்டும் என்று இந்தக் கதையைப் படிப்பவர்கள் உண்டு. ஆனால், அந்த மகன் அரசிக்குப் பிறந்தவன் அல்லன் என்பதையும் அதே கதைதான் சொல்கிறது. மன்னன் அவரைப் பிள்ளையாக ஏற்றான். அவர் மன்னனைத் தந்தையாக ஏற்றார். ரத்த உறவு இல்லாத அந்த ஏற்பை இன்றுவரை ஊர் கூடிக் கொண்டாடுகிறது. அதே ஊரில் ஒரு தம்பதி குழந்தையைத் தத்தெடுத்தால் மட்டும் ஏன் அதை அக்கம்பக்கத்தாரிடமிருந்து மறைக்க வேண்டியிருக்கிறது?

அரசுத் தொட்டிலுக்கு வருவோம். பெண் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்கு அரசே வழி செய்து கொடுக்கிறது என்று இத்திட்டத்தின் மீது தொடக்கம் முதலே விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. என்றாலும், உயிரோடு ஒரு தொட்டிலில் கிடப்பது புதரில் கிடப்பதைவிட மேல் என்ற எளிய வாதத்தை எவராலும் மறுக்க முடியாது. குறை வேறிடத்தில் இருக்கிறது. குழந்தையை இருட்டில் வைத்துவிட்டு ஓடத்தான் வேண்டும் என்ற நினைப்பைத் தொட்டில் மாற்றவில்லை. சட்டமோ அப்படி ஓடச் சொல்லவில்லை.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, தம் கைமீறிய சூழ்நிலையால் குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர், மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன் குழந்தையை ஒப்படைக்கலாம். குழு விசாரித்து, ஆலோசனை சொல்லி, அதன் பிறகும் அவர்கள் உறுதியாக இருந்தால்தான் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். அதற்குப் பின்னும் மனம் மாற இரண்டு மாத அவகாசம் உண்டு. பெற்ற மறுநாளே வீட்டாரின் வற்புறுத்தலுக்குப் பணிந்து கையெழுத்திட்ட ஒரு தாய், ஐந்தாம் வாரத்தில் வந்து பிள்ளையைத் திரும்பக் கேட்கலாம். பெற்றவளின் மனத்தை இவ்வளவு அறிந்து எழுதப்பட்ட விதிகள் நம் சட்டப் புத்தகங்களில் அரிது. இருட்டில் தொட்டிலில் விட்டுச் செல்பவருக்கு இப்படியொரு வாசல் இருப்பதே தெரியாது.

தெரியாத இடத்தில் தரகர் நுழைகிறார். குழந்தையை விற்பதும் வாங்குவதும் ஐந்தாண்டு வரை கடுங்காவல் தண்டனைக்குரிய குற்றம். பணம் கைமாறாமல், பிள்ளையில்லாத உறவினருக்கு வாய்மொழியாகக் கொடுத்துவிடும் வழக்கமும் உண்டு. அதில் கெட்ட எண்ணம் ஏதும் இல்லாமல் இருக்கலாம். ஆனால், நாளை சொத்துத் தகராறு வரும்போது தத்து நடந்ததை நிரூபிக்கும் சுமை அந்தப் பிள்ளையின் தலையில் விழும். 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி தத்துப் பத்திரத்தைப் பதிவு செய்துவிட்டால், தத்து முறையாக நடந்ததென்றே நீதிமன்றம் முதலில் அனுமானிக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் செலவிடும் ஒரு நாள், அந்தப் பிள்ளைக்கு ஆயுள் முழுவதும் காவல்.

வறுமைதான் காரணம் என்றால், பிரிப்பதற்கு முன் செய்யக்கூடியதும் உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவுக்குத் தகுதி பெறும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். பெண் குழந்தைகள் மட்டுமே உள்ள ஏழைக் குடும்பங்களுக்கு மாநில அரசின் வைப்புத்தொகைத் திட்டம் இருக்கிறது. அதற்குப் பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்திருக்க வேண்டும். ஆண் வாரிசு இருக்கக்கூடாது. இரண்டு பெண்களோடு போதும் என்று முடிவெடுத்த பெற்றோருக்கே அந்தப் பணம். மூன்றாவதும் பெண்ணாகிவிடுமோ என்று அஞ்சி நிற்கும் தாய்க்கு அதில் இடமில்லை.

அந்தத் தாயை யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. தமிழ்நாட்டில் கர்ப்பிணியின் பெயர் முதல் மாதங்களிலேயே பதிவாகிவிடுகிறது. முந்தைய பிள்ளைகள் எத்தனை, ஆணா பெண்ணா என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத் தெரியும். அந்த வீட்டு மாமியாரின் குணம்கூடத் தெரிந்திருக்கும். குழந்தைகள் நலக் குழு எங்கே கூடுகிறது, இரண்டு மாத அவகாசம் என்றால் என்ன, 1098 என்ற எண்ணை அழைத்தால் என்ன நடக்கும் என்பதையெல்லாம் அந்தத் தாய்க்கும் அவள் கணவருக்கும் எடுத்துச் சொல்வது அவரது பணிப்பட்டியலில் எழுத்துபூர்வமாகச் சேர வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் அதே நாளில், அதே திண்ணையில் அதைச் சொல்லிவிடலாம்.